இறக்கிவைத்தவை

குழந்தை இருக்கையைக் கழற்றித்
தார்த்தரையில் வைக்கிறாள் மார்லிஸ்.
அடியில் உலர்திராட்சை, ஒற்றைக் காலுறை,
நூலகம் இரண்டு முறை கேட்டுவிட்ட டைனோசர் புத்தகம்.

டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி,
போன பனிக்காலத்து உப்பு மூட்டை.
பின்புறம் ஒரு விரற்கடை நிமிர்கிறது
வேலைக்குப் போய்வரும் கார்.

முன் டயருக்கு நாற்பது. பின்னுக்கு முப்பத்தாறு.
கதவில் நீல டேப்பால் எழுபத்து மூன்று;
மூன்று கோணல்தான், இருக்கட்டும்.

நெப்ராஸ்காவில் விமானம் மறந்த ஓடுதளம்.
கூம்புகளுக்கு நடுவே
அறுபத்தோரு வினாடி
யாருக்கும் பசிக்கவில்லை,
யாருக்கும் மூக்கு ஒழுகவில்லை.
சாய்ந்த கூம்புக்கு
மேலும் இரண்டு என்கிறான் கொடியோடு நிற்கும் ஆர்லோ.

திங்கட்கிழமை, காப்பக வாசல் வரிசை.
பம்பரில் ஆரஞ்சுத் தீற்றல்.
பின்னிருக்கையிலிருந்து விசாரணை:
என் திராட்சையை யார் எடுத்தது?