இருபத்தொன்று

முதல் தடவை ஷமால் காற்றில்.
கர்கூர் கூடு பாறையில் மாட்டிக்கொண்டது.
நான் விடவில்லை, அதுவும் விடவில்லை,
இடையிலிருந்த வலது தோள் விட்டது.

சட்டைக்குள் வேறொருவன் கை போலத் தொங்கியதை
இடது கையால் ஏந்திக்கொண்டு
முஹர்ரக் துறைக்கு மூன்று மணி நேரம்.
ஐஸ் பெட்டிக்குள் ஹமூர், மூடியின் மேல் நான்.
ஒரு ஊசி, ஒரு போர்வை, இரண்டு பேர் இழுவை.
டக்.
அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழுத்தில் தூளி.
அப்புறம் மரிசெல் கதவுப்பிடியில்
பச்சை ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு
இழு என்றாள், விடு என்றாள், மெதுவாக என்றாள்.
இழுக்கத் தெரியும் எனக்கு.
மெதுவாக விடுவதைத்தான் படித்தேன்.

இரண்டாம் தடவை பனியன் கழற்றும்போது.
மூன்றாம் தடவை உறக்கத்தில்.
என்னல சத்தம் என்றான் பனியடிமை மேல்கட்டிலிலிருந்து.
சுவரில் சாய்ந்து நானே உள்ளே போட்டுக்கொண்டேன்.
பழகிப்போச்சு என்றேன்.
தோளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஹிஷாம் பந்தெறிவது போல
என் கையைத் தூக்கிப் பின்னால் சாய்த்தார்.
தோளைப் பார்க்கவில்லை,
முகத்தைப் பார்த்தார்.
என் முகம் என்ன சொன்னதோ
சட்டென்று கையை இறக்கிவிட்டு எழுதத் தொடங்கினார்.

அவருடைய எகிப்து இங்கிலீஷை
திருச்சூர் நர்ஸ் பிரசன்னா பாதி மலையாளத்தில் சொன்னாள்:
மூட்டின் குழியைச் சுற்றி ஒரு விளிம்பு உண்டு.
துடுப்பை வள்ளத்தோடு பிணைக்கும் கயிறு போல என்று
நான் எடுத்துக்கொண்டேன்.
அது முன்பக்கம் பிய்ந்து கிடக்கிறது.
எலும்பில் துளை போட்டு
மூன்று நங்கூரம் இறக்கித் தைப்பார்களாம்.

நங்கூரமா?
எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை.

கத்தி வேண்டாமென்றால் பட்டையும் பயிற்சியும்.
சிலருக்கு அதுவே போதுமாம்.
கத்தி என்றால் ஆறு மாதம் கூடு தூக்கக் கூடாது.
அர்பாப் விரல் மடக்கினார்:
ஆறு மாதம், விசா, ஓர் ஆள் குறைவு.
நானும் மடக்கினேன்.
இனயத்தில் அப்பாவின் வள்ளத்துக்கு வாங்கிய எஞ்சின்,
அதன் தவணை.
ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன.

கிளீட்டஸ் அண்ணனுக்கும் போன வருசம் இதே தோள்.
அவருக்கு ஐம்பத்திரண்டு.
உமக்குக் கத்தி வேண்டாம்,
இனி நழுவாது, இறுகத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டார்கள்.
எனக்குச் சொன்னது:
உன் வயசில் பத்துப் பேரில் ஆறேழு பேருக்குத் திரும்ப நழுவும்.
வயசுதான் காரணமாம்.

பாஸ்போர்ட்டில் நான்கு வருசம் கூட்டி எழுதிய
ஏஜெண்டை நினைத்துக்கொண்டேன்.
அந்தக் கணக்கில் எனக்கு இருபத்தைந்து.
மூட்டு அதை நம்பவில்லை.

பட்டையே போதும் என்றுதான் திரும்பி வந்தேன்.

நான்காம் தடவை காயம் எனக்கில்லை.
தோள் நழுவ, கயிறு என் பிடியை விட்டுப்போய்
பின்னால் நின்ற பனியடிமையின்
உள்ளங்கை வழியாக ஓடியது.
மஞ்சள் நைலான்.
தோல் முதலில் வெளுத்தது, பிறகுதான் சிவந்தது.
அவன் ஒரு வார்த்தை ஏசவில்லை.
ராத்திரி சோற்றை
ஸ்பூனால் தின்றான்.

காகிதத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.
என் பெயர் மாதிரியே இல்லை அது.

ஆறு மாதம் துறையில் உட்கார்ந்து
மற்றவர்கள் கூடு பின்னக் கம்பி வெட்டிக் கொடுத்தேன்.
அரைச் சம்பளம்.
குனிந்து கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடச் சொன்னாள் மரிசெல்.
கட்டிய படகு ஆடுகிற அளவு, அதற்கு மேல் இல்லை.
வலது பக்கம் திரும்பிப் படுக்க இன்னும் துணியவில்லை.

நேற்று ஹிஷாம்
மறுபடி கையைத் தூக்கினார், பின்னால் சாய்த்தார்,
என் முகத்தைப் பார்த்தார்.
நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவரும் மூச்சைப் பிடித்திருந்தார்.