இரவுப் பணி, ஆண்கள் வார்டு

சிலிண்டர் உருட்ட வேண்டுமென்றால்
நான் ஆண்.
குடித்துவிட்டு ஊசியைப் பிடுங்குகிறவனைக் கட்டிப்போட
மூன்றாம் மாடியிலிருந்தும் ஆள் வரும்,
‘குட்டன் இருக்கானா?’
மற்ற நேரங்களில்
ஊட்டி பெரியாஸ்பத்திரியின்
ஐம்பத்திரண்டு சிஸ்டர்களுக்கு அடுத்து
ஐம்பத்துமூன்றாவது சிஸ்டர்.
பேட்ஜில் நொர்ட்டிக்குட்டன் என்றிருக்கிறது.
முழுசாய்ப் படித்தவர் யாருமில்லை.

எங்கள் மந்தில் ஒரு கல் கிடக்கிறது, உருண்டையாக.
தோளுக்கு ஏற்றியவன்தான் ஆம்பளை.
எனக்கு அது முழங்காலைத் தாண்டி வந்ததில்லை.
கல்யாணத்தன்று மச்சினன் அதைக் காலால் தட்டிக் காட்டினான்.
‘பொம்பளை வேலைக்குப் போறவருக்கு இது எதுக்கு?’
நான் சொல்லவில்லை,
கல்லுக்கு இடுப்பு முறிந்திருக்காது,
தூக்கும்போது அது அம்மா என்று கத்தாது,
இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடாவிட்டால்
அதன் முதுகு புண்ணாகாது என்று.

ஆனால் ஒன்று கேட்டேன்.
பால்மனைப் பக்கம் பெண் வரக் கூடாது.
கறப்பது நாம், கடைவது நாம்,
ஈன்ற கன்றின் மூக்கில் விரல் விட்டுச் சளி வழிப்பது நாம்.
அதெல்லாம் ஆம்பளை வேலையா இல்லையா?
‘அது எருமை’ என்றான்.

ஒன்பதாம் கட்டில், ரிடையர்டு ஏட்டு துரைக்கண்ணு.
வாதம் மீசையின் ஒரு பாதியைத் தொங்கவிட்டிருந்தது.
‘ஆம்பளை என்னைத் தொடக் கூடாது’ என்று குழறினார்.
ஃப்ளோரா சிஸ்டர் போனார்.
‘பொம்பளை முன்னாலயா?’
போர்வையைப் பல்லால் இறுக்கிக்கொண்டார்.
தொடத் தகுந்தவர் யாரென்று
அவர் முடிவு செய்வதற்குள்
போர்வை நனைந்துவிட்டது.
நேற்று அப்படி.

இன்று மூன்றரை மணி.
ஜனவரி. வெளியே புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
கை சில்லிட்டிருந்தால்
எருமை பாலை அடக்கிக்கொள்ளும்,
மனுஷன் மூத்திரத்தை.
இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு
அவர் பக்கத்தில் நிற்கிறேன்.
‘என்னடா வேடிக்கை?’
‘கை கொஞ்சம் சூடாகட்டும் ஐயா.’

ஹீட்டர் இல்லாத வார்டு.
யாரோ இருமுகிறார்கள், நிறுத்துகிறார்கள்.
மீசையின் உயிருள்ள பாதி அசைந்தது, திட்டவோ என்னவோ.
திட்டவில்லை.
நல்ல கையால் தானே போர்வையை விலக்கினார்,
முகத்தைச் சுவர்ப் பக்கம்
திருப்பிக்கொண்டு.