கால் நூல்

ஏற்காட்டு எஸ்டேட் ஜீப்புக்குப்
புதுத் தரைத்தகடு, பதினாறு கேஜ்.
பொழுது சாய்வதற்குள் வேணும் என்கிறார் சகாயநாதன்,
கொண்டலாம்பட்டி வெயிலில் நின்றபடி.

ஒரே மூச்சில் ஓட்டினால் அரைமணி வேலை.
அப்புறம் அது அப்பளம்.

பொட்டு வைப்பதுபோல் ஒன்று இங்கே.
அடுத்தது எதிர் மூலையில்.
நடுவில் ஒன்று, மறுபடி தூரமாய்.
அடியில் செம்புப் பட்டை, சூட்டைக் குடிக்க.
மூன்று மூலையில் கிளாம்ப்.
நாலாவதுக்கு மரை போச்சு:
அங்கே என் பூட்ஸ் கால்.

"தண்ணி ஊத்துங்க தம்பி, சட்டுனு ஆறும்."
ஊத்தலாம்.
மாப்பிள்ளை முறுக்கு முறுக்கிக்கொள்ளும்.

புறங்கையைக் கிட்டே கொண்டுபோகிறேன்.
இன்னும் இல்லை.
டீ வருகிறது.
அவர் மலையைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கவில்லை.

இருட்டியபின் கிளாம்பைத் தளர்த்த
டிங் என்று ஒரு சத்தம்.
இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது.

அளவுகோலை நிறுத்திப் பின்னாலிருந்து
டார்ச் அடிக்கிறேன்.
மூன்று பக்கமும் இருட்டு. நல்ல இருட்டு.
ஒரு ஓரத்தில் மட்டும் கால் நூல் வெளிச்சம்.

"போற வழியில இருபது கொண்டை ஊசி வளைவு,
இதுவும் வளையணுமா?"
சிரிப்பா கோபமா, தெரியவில்லை.

டீ கிளாஸ் வாங்கக்
காலை எடுத்த மூலை அது.