இந்த நாட்களில் ஒரு நாள்

சனிக்கிழமை நான்கு மணிக்கு
குடியிருப்போர் மன்றத்தின் சாவி என்னிடம்.
பயிற்சி இலவசம், யாரும் வரலாம் என்று
ஸ்பானிஷிலும் கிரெயோலிலும் எழுதி
கதவில் ஒட்டியிருந்தேன்.
மழை இரண்டையும் ஒன்றுபோலக் கரைத்தது.
வால்டிவியாவில் ஜூன் என்றால் அப்படித்தான்,
குடை காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

முதல் வாரம் விறகு.
இரண்டு கட்டைகளை எடுத்து மோதிக் காட்டினேன்.
ணங்கென்றால் காய்ந்தது, வாங்கலாம்.
தொப்பென்றால் ஈரம்,
புகைக்குக் காசு கொடுக்கிறீர்கள்.
ஹைட்டியிலிருந்து வந்த ஒன்பது பேரும்
ஆளுக்கொரு சோடி எடுத்துத் தட்டத் தொடங்க
எதிர்வீட்டு உரீபே
சத்தம் போடத்தான் வந்தார்,
தானும் ஒரு சோடி தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் வாரம்
சுகாதார மையத்தில் டாக்டரைப் பார்ப்பது எப்படி.
காலை ஆறரைக்குப் போய் நின்றால்தான்
எண் கிடைக்கும் என்றேன்.
மிர்லாந்த் கை தூக்கினாள்:
"ஆறேகாலுக்குப் போங்கள்,
காவலாளி பக்கக் கதவைத் திறப்பார்."
பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன்,
அந்தப் பக்கக் கதவு எனக்குத் தெரியாது.
பலகையில் என்னுடையதை அழித்து
அவளுடையதை எழுதினேன்.

மூன்றாம் வாரம் நாலே பேர்.
மீன் ஆலையில் இரட்டை ஷிப்ட்.
வெந்நீர்க் கருவி எரியும்போது
சன்னலைத் திறந்து வையுங்கள் என்று
காலி நாற்காலிகளுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

நான்காம் வாரம்
பாடம் கிடையாது, நீங்களே கேளுங்கள் என்றேன்.
வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, விசா,
மூன்று கோப்புகள் தயாராக மேசையில்.

வில்னேர் எழுந்தார்.
மரக்கிடங்கில் வேலை,
அதுவரை வாய் திறக்காதவர்.
சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த தாள் ஒன்று.

"இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்:
இந்த நாட்களில் ஒரு நாள்
வீட்டுக்கு வாருங்கள், தேநீர் குடிக்கலாம்.
பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மார்ச் இரண்டு.
மேலாளர், ஏப்ரலில்.
ரொட்டிக்கடைப் பெண் இரண்டு முறை.
மொத்தம் பதினொன்று, எழுதி வைத்திருக்கிறேன்.
அது எந்த நாள்?
எண் எங்கே வாங்க வேண்டும்?"

ஃபெட்னா களுக்கென்று சிரித்தாள்,
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
அவளிடமும் அப்படியொரு கணக்கு இருந்திருக்கும்.

நான் விளக்கத் தொடங்கினேன்.
அது அழைப்பு இல்லை, வில்னேர்,
விடைபெறும்போது
கதவு படாரென்று அறையாதிருக்க
இடுக்கில் வைக்கிற துணி.
பொய் என்றும் சொல்ல முடியாது,
சொல்லும்போது மனதார நினைக்கிறோம்,
படி இறங்குவதற்குள் அது எப்படியோ

பேசப் பேச
என் குரல் எனக்கே
தொப்பென்று கேட்டது.

தாளைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன்.
நேரான சிறு எழுத்து.
ஏழாவது வரியில்:
மன்றத்து செனோரா நெல்டா,
மே பதினேழு, நோட்டீஸ் கொடுத்தபோது.
அடைப்புக்குறிக்குள்: நல்ல மழை.

சாக்பீஸ் இரண்டாய் உடைந்தது.
சின்னத் துண்டால் எழுதினேன்:
வியாழன். மாலை ஆறு.
கனேலோ சந்து, 214. பச்சைத் தகரக் கூரை.
நாய் குரைக்கும், கடிக்காது.
எல்லோரும்.

வில்னேர் ஏழாவது வரியை அடிக்கவில்லை.
பக்கத்தில் வியாழன் என்று குறித்து
ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.
எனக்குக் கோபம் வரவில்லை.
நான் அவராக இருந்தால்
இரண்டு போட்டிருப்பேன்.

இன்று வியாழன், ஐந்தே முக்கால்.
ஒவ்வொரு கட்டையாகத் தட்டித்தான் வாங்கினேன்.
வீட்டில் நாற்காலி ஐந்து.
உரீபேயிடம் நாலு கேட்டேன்,
நாற்காலியோடு தானும் வருவதாகச் சொல்லிவிட்டார்,
அவர் உட்கார
இன்னொன்றுக்கு எங்கே போவது என்று
நான் யோசித்துக்கொண்டிருக்கையில்

நாய் குரைக்கிறது.