பதினான்காம் சாம்பிள்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
எண்ணெய் டேங்கர்களை இழுத்துப் போகிறது சரக்கு ரயில்,
எண்ணிக்கொண்டே வந்து நாற்பதில் விட்டுவிட்டேன்.
மடியில் பழைய பொவண்டோ பாட்டில்,
அதற்குள் கேப்டன் காட்டன் கால்வாய், கால் லிட்டர்.
மூடியை இறுக்கவில்லை.
உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சு வேண்டும்.
ஷேர் ஆட்டோவில் பக்கத்துப் பெண்
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
முறைக்கிறாள்,
பாட்டிலை அல்ல, என்னை.

முப்பது டிகிரி இன்குபேட்டர் தேவை என்கின்றன கட்டுரைகள்.
எங்கள் லேபில் மேசைமேல் வைத்தாலே போதும்.
கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு
ஓட்டத்தைக் கொஞ்சம் அடக்க
மருந்துக்கடைப் பஞ்சில் இரண்டு இழை பிரித்துப் போடுவேன்.
காட்டன் கால்வாய்க்குள் காட்டன்,
ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொள்வது.

முதலில் பேரமீசியம் வரும்.
இழையில் முட்டும், பின்வாங்கும்,
ஒரு சாய்வு திரும்பி
மறுபடி முட்டும்.
கோபமில்லை. மூளையே இல்லை.
எழில் நகர் சந்துக்குள் தண்ணி லாரி மாதிரி
எப்படியோ நுழைந்துவிடும்.

நான் தேடுவது அதைவிடச் சின்னது.
டெட்ராஹைமினா.
பேரிக்காய் உடம்பு, உடம்பெல்லாம் துடிக்கும் குறுயிழை.
ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கரு.
தின்ன, நீந்த, இரண்டாய்ப் பிளக்க,
எல்லா உத்தரவும் பெரியதிலிருந்து.
சின்னது வாயே திறக்காது,
இன்னொரு செல்லோடு கூடும் நாள் வரும்வரை.
அன்று செல் தன் பழைய பெரியதைத் தானே கரைத்துவிட்டு
சின்னதைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும்.

முதலாமாண்டு வகுப்பில் இதைச் சொன்னபோது
நஸ்ரின் பானு புரியலை என்றாள்.
தினமும் பையில் எடுத்துப்போவது ஜெராக்ஸ்,
ட்ரங்குப் பெட்டி அடியில் பாலிதீன் சுற்றி ஒரிஜினல் என்றேன்.
உடனே தலையாட்டினாள்.
கால்வாய்க் கரையில்தான் அவள் வீடும்.

போன மாதம் பாலத்தடியில் தண்ணீர் மொள்ளும்போது
பின்னாலிருந்து ஒரு குரல்.
"கார்ப்பரேஷனா?"
இல்லக்கா, காலேஜ்.
"எதுவா இருந்தா இன்னா, எழுதிக்கோ.
ஆதிலட்சுமி. பழைய நம்பர் முப்பத்தெட்டு.
வெள்ளத்துல பொட்டியோட பூட்ச்சி.
ஜெராக்ஸ்தான் கீது.
ஒரிஜினல் இருந்தா வான்றான் ஆபீஸ்ல."
நோட்டில் இடமில்லை.
சாம்பிள் பதினான்கு, நீரின் நிறம் கறுப்பு, நேரம் ஏழு பத்து,
அதற்குக் கீழே எழுதினேன்.

அன்றிரவு நீலச் சாயம் போட்டுப் பார்த்தேன்.
இருட்டுக்குள் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நீல நிலா.
பக்கத்தில் இருக்கவேண்டிய புள்ளி இல்லை.
ஃபோகஸைத் திருகினேன், லென்ஸைத் துடைத்தேன்,
வேறு சில்லு, வேறு சொட்டு.
இருநூறு செல் எண்ணினேன்.
இருநூறிலும் இல்லை.
நன்றாகத் தின்கின்றன, பிளக்கின்றன, நீந்துகின்றன.
கூடுவதற்கு மட்டும் வழியில்லை.
குளம் குட்டைகளில் இப்படி நிறைய உண்டாம்.
எப்போது தொலைத்தீர்கள் என்று
யாரைக் கேட்பது?

ஆய்வேட்டில் அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்திருந்தேன்.
ஹெப்சிபா மேடம் சிவப்பில் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதினார்: உவமை வேண்டாம், எண்ணிக்கை போதும்.
சரிதான்.
செல்லுக்கு யாரும் மனு எழுதச் சொல்வதில்லை.

இன்று பதினைந்தாவது.
ஆதிலட்சுமி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.
என்ன ஆச்சு என்று கேட்பாள், என்ன சொல்வது என்று
வழியெல்லாம் யோசித்தது வீண்.
ரவிக்கையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தாள்.
"உங்க காலேஜ்ல மெஷின் இருக்குமே.
இத்த நாலு எடுத்தா. மடிப்புல கிழியுது."

கேட் திறக்கிறது.
எல்லா ஹாரனும் ஒன்றாய்க் கத்த
பாட்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
தாளைப் பிரிக்கிறேன்.
நகலுக்கு நகல் எடுத்து எடுத்து
அவள் முகம் இருந்த இடத்தில்
ஒரு கறுப்பு வட்டம்.
பெயர் மட்டும் இன்னும் படிக்க முடிகிறது.