எடை மாற்றம்

தாய்ச்சி ஆசிரியர் பயிற்சி, பதினோராவது வாரம்.
நாலு பேருக்காவது சொல்லிக்கொடுத்து
வீடியோ அனுப்ப வேண்டும்.
தண்டையார்பேட்டை மொட்டைமாடியில்
அற்புதமேரி, ஷம்ஷாத், கீழ்வீட்டு ரெண்டு பேர்.

"எடையை இடதுகாலுக்கு… மெதுவா…
வலதுகால் காலியாகணும்."
"காலின்னா இன்னா?" என்றாள் ஷம்ஷாத்.
நோட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன்.
எனக்கே புரியவில்லை.

மேகக் கைகள் பாதியில் இருக்க
தெருவில் தண்ணிலாரி ஹாரன்.
மாடி காலி.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்க்கிறேன்:
வெளிப்படிக்கட்டில், இடுப்பில் குடத்தோடு
ஷம்ஷாத்.
பாதம் ஈரப்படியைத் தொட்டு, தடவி,
பிறகுதான் உடம்பை வாங்கிக்கொள்கிறது.
பின்னங்காலில் ஒன்றுமே இல்லை.
சொட்டு சிந்தவில்லை,
யாரையோ திட்டிக்கொண்டே வருகிறாள்.

முக்காலியில் போன் இன்னும் ஓடுகிறது,
கொடியில் ஒரு லுங்கியைப் பிடித்தபடி.
என் குடமும் கீழேதான் கிடக்கிறது.