ஆற விடுதல்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி, மழை நேரம்.
டர்போவைக் கழற்றிச்
செய்தித்தாள்மேல் வைக்கிறான் குணாளன்.
நத்தை ஓடுபோல் சுருண்ட இரும்பு.
தண்டைச் சுண்டினால்
அரைச் சுற்று முனகி நிற்கிறது.
எண்ணெய் நுழையும் துளையில்
திருப்புளி நுனியை விட்டுச் சுரண்ட
முதலில் அடிப்பிடித்த பாகு,
பிறகு கரி.
"ஓடுறப்போ ஒன்னும் ஆகலக்கா.
நிறுத்தின பிறகுதான் எரிஞ்சிருக்கு."

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்.
தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில்
மிதக்கிறது தண்டு.
தாங்குவதும் அதே எண்ணெய்,
சூட்டைச் சுமந்து இறங்குவதும் அதே எண்ணெய்.
சாவியைத் திருப்பியதும் பம்பு நிற்கும்.
சிவக்கக் காய்ந்த பக்கத்து அறை மட்டும்
தன் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும்.
போக வழியில்லாத எண்ணெய்
நின்ற இடத்திலேயே கருகும்.

இத்தனையும்
தொண்ணூறைத் தாண்டக் கூடாத விரைவுச்சாலைக்காக.
சிரிக்கலாம்.
துவாஸ் துறைமுகத்தில் இரவெல்லாம்
திரையைப் பார்த்துப் பெட்டிகளை நகர்த்துகிறவள் நான்.
விடிகாலை, சாலையில் கலக்கும் வளைவில்,
மூன்றாவது கியரில் அந்த விசில் எழும்ப
முதுகு இருக்கையில் ஒட்டும் பாருங்கள்,
அதற்குத்தான்.

கடைக்காரர் போ ஹெங் எண்ணெய்க் கட்சி.
போன வருடம் பெரிய டர்போ கேட்டபோது
பழையதன் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிட்டு
எண்ணெய் மட்டும் குடிக்கும் இதை மாட்டியவர் அவர்தான்.
குழாய் கூடினால் கசிவு கூடும் என்பார்.
அணைக்கும் முன்
இரண்டு நிமிடம் சும்மா ஓட விடு, போதும்.

விட்டேன்.
பீடோக், பலமாடிக் கார்ப்பேட்டை, ஐந்தாம் தளம்.
'எஞ்சினை அணைக்கவும்' பலகைக்கு நேர் கீழே
விளக்கை மட்டும் அணைத்து,
அபராதத்துக்குப் பயந்தபடி
இரண்டு நிமிடம்.
அப்போது நான் யாருக்கும் எதுவுமில்லை.
மேற்பார்வையாளர் சொன்ன சொல்
ஊசியோடு சேர்ந்து மெல்ல இறங்கும்.
எதிர் புளோக்கில் ஆறாம் மாடிச் சமையலறை விளக்கு.
வண்டி வளைந்தேறும் சத்தம் கேட்டதும்
நன்மாறன் கல்லை அடுப்பில் வைப்பான்.
எஞ்சின் நின்றதும் மாவை ஊற்றுவான்.
நான் செருப்பைக் கழற்றும்போது
தோசை தட்டில் இருக்கும்.

டார்ச் வெளிச்சம் தெரிந்த நாள்களில்
அந்த இரண்டு நிமிடமும் இல்லை.
அந்த நாள்களின் கணக்குத்தான்
இப்போது திருப்புளி நுனியில்.

குணாளன் தண்ணீர்க் கட்சி.
ஸ்கூடாயில் நாலு மணிக்கே எழுந்து
மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிறவன்.
"ஆக்கப் பொறுத்துட்டு ஆறப் பொறுக்கலன்னா இப்படித்தான்"
என்று கரியை ஊதினான்.
புது டர்போவின் வயிற்றில் தண்ணீருக்கு ஓர் அறை.
"எஞ்சின் நின்னாலும் தண்ணி நிக்காதுக்கா.
சூடானது மேல ஏறும், ஆறினது கீழ வரும்.
பம்பு வேணாம், ஆள் வேணாம்."
சிஓஇ முடிய இருபத்தேழு மாதம்தான்.
இருந்தும் பணத்தை எண்ணி வைத்தேன்.
போ ஹெங் கசிவைப் பற்றி
இன்னொரு முறை சொன்னார்.

முதல் நாள்
நிறுத்தியதுமே அணைத்தேன்.
கதவைத் திறந்தபோது கல் காயவில்லை.
மாவு ஒட்டிக்கொண்டது.
ஒன்றுமில்லாததற்குக் கத்தினேன்.
அவன் தோசைத்திருப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த நாள் அணைத்தேன், இறங்கவில்லை.
அணைந்த வண்டியில் உட்கார்ந்திருக்க
அபராதம் இல்லை.
பானெட்டுக்கடியில் இரும்பு சுருங்கும் சத்தம்,
டிக்.
டிக்.
அதற்கும் கீழே, காதுக்கு எட்டாமல்,
தண்ணீர்
தானே ஏறித் தானே இறங்கிக்கொண்டிருந்தது.
கண்ணாடியில் என் மூச்சு படிந்தது.
எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.

மின்தூக்கி, ஆறாம் மாடி, செருப்பு.
தோசை ஓரம் கருகியிருந்தது.
அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
கருகலைத்தான்
முதலில் பிய்த்துத் தின்றேன்.